மருந்துக்கடைகளுக்கு மட்டும்

என் வீட்டுக்காரருக்கு, அன்போடும் இந்தத் தடவை நிறையப் பயத்தோடும் எழுதுவது.

உடம்புக்கு எல்லோரும் சுகம். அத்தைக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. ஆனால் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார். சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது. அந்தப் பொக்கை வாயோடு, "அப்பா வரப்போகிறார்" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். உங்கள் துணிக்கென்று அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து, யாரும் அதில் எதுவும் வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறாள்.

அங்கே உங்கள் வேலை ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டிக் கையெழுத்துப் போடவா வேண்டாமா என்று போனில் மூன்று தடவை கேட்டீர்கள். மூன்று தடவையும் "எழுதறேன்" என்றேன். உங்கள் குரலைக் கேட்டால் எனக்குப் பொய் தானாக வந்துவிடுகிறது. உங்கள் அறைத் தோழர் விடுமுறை முடிந்து நாளைக் காலை கிளம்புகிறாராம். அவர் கையில் கொடுத்தனுப்பத்தான் இதை எழுதுகிறேன்.

அகல உழுவதைவிட ஆழ உழு என்று எனக்குச் சொன்னது நீங்கள்தான். தையற்கடை, அச்சகம், டிரைவிங் ஸ்கூல், கோழிப்பண்ணை என்று முப்பது விதத் தொழிலுக்குக் கணக்கு எழுதி மாரடித்துக்கொண்டிருந்தேன். எதிலும் நான் புலி இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் மருந்து மொத்த வியாபாரியிடம் வேலை பார்த்ததில் ஒன்று மட்டும் எனக்கு அத்துப்படி. காலாவதியான மருந்தைக் கடைக்காரர் திருப்பி அனுப்பினால், அதன் விலையை மொத்த வியாபாரி எப்போது கழித்துக் கொடுப்பார், எப்போது மறந்துபோவார் என்பது. அப்படி மறந்துபோனதை ஒரு கடைக்குத் தோண்டி எடுத்துக் கொடுத்தேன். நாம் சிரிப்புக்காரர் என்று சொல்வோமே, அவர் கடை. மருந்துக்கடைச் சங்கத்தின் செயலாளர் அவர்தான். அவர் வாய்வார்த்தையில் இருபத்திரண்டு கடைகள் வந்தன. மற்றவர்களை ஒவ்வொருவராகக் கைகூப்பி அனுப்பிவைத்தேன். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்குத்தான் ரொம்பக் கோபம். "ஏங்க, எங்க கணக்கு மட்டும் நாறுதா?" என்று கேட்டுவிட்டு ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். வாசல் பலகையில் 'மருந்துக்கடைகளுக்கு மட்டும்' என்று எழுதிவைத்தேன். ஆறு மாதத்தில் நீங்கள் திரும்பிவிடலாம் என்று அன்றைக்குச் சொன்னேன். அது பொய்யில்லை.

இனிமேல்தான் சொல்ல வேண்டியது. கடைகள் எல்லாம் ஒரே தொழில் என்பதால், ஒரு கடைக்குப் போட்ட மாத அறிக்கையையே நகல் எடுத்துப் பெயரையும் எண்களையும் மாற்றி அடுத்த கடைக்கு அனுப்புவேன். வேலை மிச்சம் என்று அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. போன திங்கட்கிழமை சிரிப்புக்காரர் கடை அறிக்கையிலிருந்து எதிர்க்கடைக்காரருடையதைச் செய்தேன். முதல் பக்கத்தை மாற்றினேன். இரண்டாம் பக்கத்தை மாற்றாமல் அனுப்பிவிட்டேன். சிரிப்புக்காரர் எந்த மருந்தை யாரிடம் எவ்வளவு தள்ளுபடியில் வாங்குகிறார் என்ற விவரம் முழுக்க அந்தப் பக்கத்தில்தான். சாயங்காலம் என் பிரதியைக் கோக்கும்போது பார்த்தேன். முன்பு தையற்கடைத் தாள் கோழிப்பண்ணைக்குப் போயிருந்தால் இரண்டு பேரும் சிரித்துவிட்டுத் திருப்பித் தந்திருப்பார்கள். இப்போது நான் வைத்திருக்கும் ஒவ்வொரு தாளுக்கும் எதிரில் ஒரு போட்டிக்காரர் இருக்கிறார். ஆழ உழுதால் கல்லும் வரும் என்று நீங்களும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மறுநாள் எதிர்க்கடைக்காரர் போன் செய்தார். கத்துவார் என்று நினைத்தேன். குரலில் தேன் ஒழுகியது. "ரெண்டாவது பக்கம் ரொம்ப நல்லா இருந்துச்சு மேடம். மாசாமாசம் அப்படியே அனுப்புங்க. உங்க ஃபீஸை ரெண்டு மடங்கா தந்துடறேன். நமக்குள்ளயே இருக்கட்டும்" என்றார். போனை வைத்துவிட்டேன். உங்களிடம் மறைக்க மாட்டேன், ஒரு நிமிடம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பணம் வந்தால் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. அப்படி நினைத்ததும் அவரைவிட என்னைப் பார்த்துத்தான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

முந்தாநாள் சிரிப்புக்காரர் கடைக்குப் போய் நடந்ததை அப்படியே சொன்னேன். மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டே கேட்டார். சிரிக்கவில்லை. அந்த மனிதர் சிரிக்காமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. "நீங்களே வந்து சொன்னது சரிதான். ஆனா இதை நான் சங்கத்துல சொல்லாம இருக்க முடியாதும்மா" என்றார். எதிர்க்கடைக்காரருக்கும் போன் செய்து, அந்தப் பக்கத்தைத் திருப்பித் தரச் சொன்னேன், இனி அவருக்குக் கணக்கு எழுத மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். "பொழைக்கத் தெரியாதவங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். பக்கம் இன்னும் வரவில்லை.

அத்தையிடம் சொன்னேன். "சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தியே" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, பக்கத்தில் வந்து உட்கார்ந்து தோளில் கை போட்டார். பத்து வருஷத்தில் அவர் அப்படிச் செய்தது இல்லை. அதனாலேயே இன்னும் பயமாகிவிட்டது.

நேற்று இரண்டு கடைக்காரர்கள் ஃபைலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். டிரைவிங் ஸ்கூல் வாசல் வரைக்கும் நடந்துபோய், உள்ளே போகத் தைரியம் இல்லாமல் திரும்பிவிட்டேன். போன் அடித்தால் யார் என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன். ஃபைல்களின் பெயரை மூன்று தடவை படிக்கிறேன், அப்படியும் நம்பிக்கை வரவில்லை.

நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியது சனிக்கிழமை. சங்கம் கூடுவது ஞாயிற்றுக்கிழமை. ஒரே ஒரு நாள் இப்படி மாறி விழுந்திருக்கிறது. மீதிக் கடைகள் இருக்குமா போகுமா என்று தெரியாமல், வேலையை விட்டுவிட்டு வாருங்கள் என்று எந்த வாயால் சொல்வேன்? சின்னவளின் பள்ளிக் கட்டணம் இருக்கிறது, வீட்டுக் கடன் இருக்கிறது. அதனால் போட்டுவிடுங்கள். இரண்டு வருஷம்தானே. போன இரண்டு வருஷமும் ஓடித்தானே போயிற்று. சின்னவளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். என்மேல் கோபம் இருந்தால் அடுத்த போனில் திட்டிவிடுங்கள், பேசாமல் மட்டும் இருக்காதீர்கள். நீங்கள் எங்கிருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். சனிக்கிழமை மட்டும் நீங்கள் கையெழுத்துப் போடப்போகும் ஆபீசில் இருக்கிற ஒரு பேனாகூட எழுதாமல் போகட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி