பூச்சியம் போட்ட ஐந்து மாதங்கள்

4 மார்ச் 2025, செவ்வாய்

கேகாலை அலுவலகத்தில் சேர்ந்து ஒரு மாதம். கடலில் காற்றாலை நட இலங்கையில் எங்கே இடமிருக்கிறது என்று ஆராயும் கம்பனி. இங்கிருந்து கடலுக்கு பஸ்ஸில் மூன்று மணி நேரம். வாடகை குறைவாம். நான் கடலை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இரண்டும் பாடசாலைச் சுற்றுலா.

எந்த மாதம் எத்தனை படகு கடலுக்குப் போகும் என்று மன்னார்ப் பக்க மீனவர்களிடம் கேட்கும் படிவத்தைத் தமிழில் தயாரித்தேன். ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தால் நிரந்தரம் என்கிறார் மேலாளர் ஆதிப் சேர்.

5 மார்ச்

படிவம் நீளமாம். மே முதல் செப்டெம்பர் வரை கட்டங்களை எடுத்துவிட்டு, அந்த மாதங்களுக்குப் படகு பூச்சியம் என்று நானே போட்டேன். மழைக்காலத்தில் யார் வேலைக்குப் போவார்கள்? அப்பா முப்பது வருடமாகத் தெஹியோவிட்டயில் இறப்பர் பால் வெட்டுகிறார். மழை என்றால் வீட்டில்தான் இருப்பார்.

9 மே, வெள்ளி

வரைபடம் வந்தது. அந்த ஐந்து மாதமும் காற்று உச்சத்தில். படகு ஒன்றும் இல்லை. கடல் முழுக்கப் பச்சை. பச்சை என்றால் காற்றாலை நடலாம்.

"சர்மிளா, காத்தும் இருக்கு, ஆளும் இல்ல. இப்படி ஒரு கடல் எங்க கிடைக்கும்!" என்றார் சேர். எல்லோருக்கும் சாப்பிட ரோல்ஸ். எனக்கு இரண்டு.

19 மே, திங்கள்

கொட்டுகிறது மழை. படிவத்திலிருந்த தொலைபேசி இலக்கத்தைச் சரிபார்க்க சாலி என்ற மன்னார் மீனவரை அழைத்தேன்; அண்ணன் வயது, நானா என்றுதான் கூப்பிடுவேன். பேச்சுவாக்கில், "அங்கயும் நல்ல மழைங்களா?" என்றேன்.

"மழையோ? இஞ்ச ஐப்பசி, கார்த்திகை மாரிக்குத்தானே பிள்ளை மழை. இப்ப காத்து மட்டுந்தான். வலையில நண்டு நல்லாப் படுது, எல்லாரும் கடல்லதான்."

ஐயோ கடவுளே. நாடு முழுக்க ஒரே மழைன்னு எவ சொன்னா? நான்தான். புவியியலில் எனக்கு ஏ.

20 மே

சொல்லவில்லை.

21 மே

சொல்லவில்லை. எனக்கு நிரந்தரமாகிவிட்டது என்று அம்மா இப்போதே தோட்டத்து லய வீடுகள் முழுக்கச் சொல்லியாயிற்று.

22 மே

சேரிடம் சொல்லிவிட்டேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "அறிக்கை திங்கக்கிழம போகுது. இது உங்களுக்கும் எனக்கும் மட்டுந்தானே தெரியும்?"

"சாலி நானாவுக்கும் தெரியுங்க சேர்."

2 ஜூன், திங்கள்

சேர் மேலிடத்துக்குச் சொல்லவேண்டியதாயிற்று; அறிக்கையை நிறுத்திவிட்டார்கள். நிரந்தரமும் இல்லை. படகுகளை நேரில் எண்ண என்னையே அனுப்புகிறார்கள். அதோடு என் வேலை முடிகிறது. அம்மா சோற்றைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். "உண்மையத்தானே சொன்ன, சாப்பிடு" என்றார் அப்பா.

18 ஜூன், புதன்

மன்னார்க் கடற்கரை. காற்று தாளைப் பிடுங்குகிறது. காலை ஏழு மணிக்குள் கரைக்கு வந்தவை நாற்பத்தொரு படகு. ஒரு படகுக்கு ஒரு கோடு. இத்தனை பேரையும் நான் இல்லையென்று எழுதியிருக்கிறேன். அழுகை வந்தது. அழுதுகொண்டே கோடு போட்டேன்.

சாலி நானா வந்து பார்த்தார். "எண்ணி முடிஞ்சுதோ பிள்ளை?"

"இல்லிங்க நானா, இன்னும் வருது."