என் பெயரில் ஒரு கல்லறை

செப்ரெம்பர் 14, 1998

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் கிளறா எழுதுகிறாள்.

பல்லாறோச் சந்தையில் நல்ல சாளை மீன் வந்திருந்தது. சமைத்தும் என் மனைவி மாக்கிரட் தொடவில்லை. கால் வீக்கம் வற்றவில்லை. பிரான்சில் செத்துப்போன எங்கள் மகன் எமிலியானுஸின் எலும்பையாவது இத்தாலியில் நாங்கள் இருக்கும் இந்தப் பலெர்மோவுக்குக் கொண்டு வரச்சொல்லி நிற்கிறாள். "திங்கக்கிழமையிலை செத்த ஆத்துமாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்த எனக்கு ஒரு இடம் வேணும்."

நியாயம்தானே? அவன் செத்தபோது எங்களுக்குப் பேர்மெசோ என்கிற வதிவிட அனுமதி இல்லை, எல்லை தாண்ட முடியவில்லை. இப்போது இருக்கிறது.

செப்ரெம்பர் 20

கிளறா வேலைசெய்யும் வீட்டுச் சிஞ்ஞோரா லீவு தந்துவிட்டா. வியாழன் ரயில்.

செப்ரெம்பர் 26

நீஸிலிருந்து பஸ். அவன் இருந்த ஊர் மலை உச்சியில், பழைய கோட்டை மதிலுக்குள். வீடும் கல், பாதையும் கல், எல்லாம் படி. வாகனம் மதில் வாசலோடு நின்றுவிடும். அதற்கு மேலே பாண், காஸ் சிலிண்டர், விறகு எல்லாம் என் பிள்ளையின் தோளில்தான் ஏறியிருக்கிறது.

அவன் வேலைசெய்த பேக்கரியின் மனுசிக்கு இத்தாலியன் தெரியும். என் பெயரை, சுவாம்பிள்ளை என்று, கிளறா சொன்னாள். மனுசி கையிலிருந்த பாணை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு தெருவில் இறங்கிக் கூப்பிட்டாள். கிழடுகள் வந்தார்கள். ஒருவர் "சுவாம்பிள்ளை, சுவாம்பிள்ளை" என்று என் கையைப் பிடித்து அழுதார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சேமக்காலையில் அவன் கல்லறைக் கல்லைக் கிளறா இரண்டுதரம் வாசித்தாள்.

"என்னடி எழுதிக்கிடக்கு?"

"உங்கட பேரப்பா."

"பகிடி விடாதை."

"உண்மையா. பாஸ்போட்டிலை தகப்பன் பேரெண்டு உங்கட பேர்தானே முன்னுக்கு. அதைத்தான் இவையள் அண்ணையின்ரை பேரெண்டு நினைச்சிருக்கினம்."

இருந்த காலம் முழுக்க அவனை அப்படித்தான் கூப்பிட்டார்களாம். அவனும் திருத்தவில்லையாம். ஏனடா திருத்தவில்லை?

செப்ரெம்பர் 28

கல்லறையைத் தோண்டுவதற்குத் தகப்பன் சம்மதம் வேண்டும். நகரசபைக் கந்தோரில் கட்டைவிரல் வைக்கச் சொன்னார்கள்.

அவனைப் புதைத்த அன்று நல்ல மழையாம். பிரேத வண்டி மேலே ஏறாது. அந்தக் கிழடுகள்தான் மாறி மாறிப் பெட்டியைத் தோளில் சுமந்தார்களாம். காலையில் பேக்கரிக்காரி சொன்னாள். அவர்கள் தூக்கி வைத்ததை நான் வந்து எப்படித் தோண்டச் சொல்வது?

மை பூசிய விரலோடு நின்றேன். வைக்கவில்லை.

ஒக்ரோபர் 1

வீட்டுக்குள் வந்ததும் வராததுமாய் மாக்கிரட் "கொண்டந்தியளோ?" என்றாள்.

"இல்லை."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

ஒக்ரோபர் 9

இன்றும் என்னோடு கதைக்கவில்லை.

நவெம்பர் 2

மரித்தோர் நாள். பூசையால் வந்தபோது மாக்கிரட் எழும்பி இருந்தாள். கல்லில் உள்ள பெயரைக் கிளறா சொல்லியிருக்கிறாள்.

"அங்கை போய் நிண்டு என்னெண்டு நான் என்ர பிள்ளையைக் கூப்பிடுறது? கலியாணம் கட்டின நாள்தொட்டு உங்கட பேர் என்ர வாயிலை வந்ததில்லை."

மெய்தான். குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் புருசன் பெயர் கேட்டபோதும் கிளறாவைத்தான் பார்த்தாள்.

"பேரை மாத்தச் சொல்லவோ?"

"வேண்டாம். அதுகள் அந்தப் பேரைச் சொல்லித்தானே அழுததுகள்." வீங்கின காலைக் கட்டிலிலிருந்து கீழே இறக்கி வைத்தாள். "என்னைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ."

இந்தக் காலோடா? எப்படி?

ஏப்ரல் 17, 1999

கிளறா பேக்கரிக்காரிக்கு முன்பே அறிவித்திருந்தாள். மதில் வாசலில் ஒரு நாற்காலியோடு நின்றார்கள். கிழவர்களும் அவர்களின் பிள்ளைகளும். மாக்கிரட்டை அதில் இருத்திப் படிப்படியாகத் தூக்கினார்கள். "விழுத்திப்போடாதேங்கோ, மெல்ல, மெல்ல" என்று வழிநெடுகத் தமிழில் அதட்டிக்கொண்டு போனாள். அவர்களும் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள்.

கல்லுக்கு முன்னால் இறக்கினார்கள். கிளறா மெழுகுதிரியைக் கொளுத்திக் கையில் கொடுத்தாள். காற்று. மாக்கிரட் மறு கையால் சுடரை மூடிக்கொண்டு கனநேரம் இருந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

பிறகு மெதுவாக, "சுவாம்பிள்ளை" என்றாள்.

இன்னொருமுறை, சத்தமாக: "சுவாம்பிள்ளை, அம்மா வந்திட்டனடா."

எனக்கு "ஓம்" என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.