கலிபோர்னியா புத்தகத்தில் உன் பெயர்

மச்சான்,

நேற்று சிதம்பரம் கீழவீதியில் ஒரு புத்தகக் கடைக்குப் போயிருந்தேன். அப்போதுதான் பிரித்த புத்தகக் கட்டிலிருந்து மை வாசனை வந்தது. மேலே இருந்தது, பிள்ளைகளுக்காக நாம் இருவரும் எழுதிய கலிபோர்னியா வரலாறு. புது அட்டை. முதல் பதிப்பில் என் பெயர் மட்டும்தான் இருந்தது. இதில் உன் பெயரும் சேர்ந்திருக்கிறது. நீ இறந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை.

தங்கம் கிடைத்தது, நிலநடுக்கத்தில் சான்பிரான்சிஸ்கோ எரிந்தது, கடலுக்கு மேல் பாலம் எழுந்தது என்று நான் பாட்டுக்கு எழுதிக்கொண்டு போனேன். நீ ரயில்பாதையை விட்டு நகரவில்லை. பனிமலையைக் குடைந்து பாதை போட்டவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். வேலை முடிந்த நாளில் எடுத்த படத்தில் அவர்கள் முகம் தெரியவில்லை. அதிலிருந்து பதின்மூன்று வருடத்தில், சீனத் தொழிலாளர் யாரும் இனி நாட்டுக்குள் வரக்கூடாது என்று சட்டமே போட்டுவிட்டார்கள். இதை நான்கு பக்கம் எழுதினாய். கடலூர் பதிப்பாளர் அந்த நான்கையும் எடுத்துவிட்டார். பிள்ளைகள் புத்தகத்தில் அழுகை எதற்கு என்றார்.

"எங்க வாப்பா இருபது வருஷம் வெளிநாட்டுல கட்டடம் கட்டுனாரு. கட்டி முடிச்சப்புறம் அவரையே வாசல்ல நிறுத்திட்டாங்க. அந்த நாலு பக்கம் இல்லன்னா எம் பேரும் வேணாம்" என்று சொல்லிவிட்டு நீ வெளியே போனாய். நான் உட்கார்ந்தே இருந்தேன். அன்று பரங்கிப்பேட்டை பஸ் வரும்வரை நீ என் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்று காலை கடலூருக்குப் போய்க் கேட்டேன். இறந்தவருக்கு ஒரு மரியாதை, அவ்வளவுதான் என்றார் பதிப்பாளர். உயிரோடு இருந்தபோது சொன்ன சொல்லை மதிக்காதவர்கள் செத்தபின் செய்கிற மரியாதை யாருக்கு வேண்டும்?

"அவன் வேணாம்னு சொன்னப்ப நானும் இங்கதான இருந்தேன்? அந்தப் பக்கங்களப் போடுங்க. இல்ல, பேர எடுங்க" என்றேன்.

அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்று மழுப்பினார். நான் இடத்தை விட்டு அசையவில்லை. மதியத்துக்கு மேல்தான் இறங்கி வந்தார். பக்கங்களைச் சேர்க்க முடியாதாம். மீதமிருக்கும் புத்தகங்களில் உன் பெயரின்மேல் தாள் ஒட்டித் தருவதாகச் சொன்னார்.

என் பெயரையும் சேர்த்து மறைக்கச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவரிடம் என்ன விளக்கம் சொல்வது? அன்று உன் பின்னாலேயே எழுந்து வராதவன் நான். எத்தனை தாள் ஒட்டினாலும் அது மறையாது, மச்சான். என்னோடேயே இருக்கிறது.