கழுவிக் கொடுத்த விளக்கு

நண்பரே,

இன்று காலை நம்முடைய பழம்பொருள் அறைக்குள் புளி வாசம் வந்தது. விசுவமடுவிலிருந்து ஓர் அம்மா துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தார். பைக்குள்ளிருந்து ஒரு பித்தளைச் செம்பை எடுத்து மேசையில் வைத்தார். அது மினுங்கிய மினுக்கத்தில் கண் கூசியது. "எங்க அம்மா தேயிலைத் தோட்டத்துல இருந்து தூக்கிட்டு வந்ததுங்க ஐயா. மலையை விட்டு வர்றப்ப கையில இருந்தது இது ஒண்ணுதான். ரெண்டு நாளா புளி போட்டுத் தேச்சேன். இப்படியே குடுக்கலாமா?" என்று கேட்டார். கொடுக்கலாம் என்று சொல்ல வாய் திறந்தேன். உம்முடைய ஞாபகம் வந்துவிட்டது. தேநீர் போடும் சாக்கில் பின்பக்கம் போனேன்.

பதினான்கு வருடம் ஒரே அலுவலகத்தில் இருந்தோம். நீர் கலாசாரப் பிரிவு, நான் திட்டமிடல் பிரிவு. ஒரு நாளாவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பீரா? "என்ன திட்டம், சாப்பிட்டாச்சோ?" என்று கேட்டபடிதான் மதியத்தில் என் மேசைக்கு வருவீர். கையில் உம் வீட்டு மீன் பொரியல் இருக்கும். வெள்ளிக்கிழமை நான் மரக்கறி மட்டும்தான் என்று தெரிந்தும், அன்றைக்குத்தான் வேண்டுமென்றே கூடுதலாகக் கொண்டுவருவீர். கடற்கரைக்காரனின் குறும்பு.

முள்ளியவளையில் பூட்டிக் கிடந்த நெல் களஞ்சியத்தை பழம்பொருட்கள் வைக்கிற ஒரு சின்ன நூதனசாலை ஆக்கலாம் என்று நீர் முதலில் சொன்னபோது நான் சிரித்தேன். "முதல்ல றோட்டைப் போடட்டும்" என்றேன். "றோட்டு எப்பிடியும் வரும், ஐசே. இது நாங்கள் செய்யாட்டி வராது" என்றீர். விண்ணப்பப் படிவங்களை நிரப்புவதில் என்னை விஞ்ச ஆளில்லை என்று எனக்கு அப்போது பெரிய நினைப்பு. அதனால்தான் சம்மதித்தேன். உம்முடைய ஆசையை நம்பியதால் அல்ல.

கோயில், தேவாலயம், சங்கக் கடை எல்லாவற்றிலும் அறிவித்தல் ஒட்டினோம். வீட்டில் இருக்கும் பழைய பொருட்களைத் தந்தால் ஊருக்குள்ளேயே பத்திரமாக வைத்திருப்போம் என்று நீர் உம் கையாலேயே எழுதினீர். சனங்கள் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்ததெல்லாம் புதிது மாதிரி இருந்தது. நம் பக்கத்தில் யாரும் இன்னொரு வீட்டுச் சட்டியை அழுக்கோடு திருப்பிக் கொடுப்பதில்லை. அரசாங்கக் கந்தோர் கேட்கிறது என்றால் விடுவார்களா? மண்வெட்டியில் துரு இல்லை. உரலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவியிருந்தார்கள். உம்முடைய மாமா தன் தகப்பன் வலித்த துடுப்புக்கு நீலப் பெயின்ற் அடித்து, காய்ந்ததும் காயாததுமாகத் தோளில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். நீர் தலையில் கைவைத்தீர். "ஏன் மாமா?" என்று கேட்டதற்கு, "பழசா ஒரு சாமானை நாலு பேர் பாக்கிற இடத்தில வைக்கிறதே, தம்பி? மீன்பிடி போட்டுக்கு அடிச்ச பெயின்ற் மிச்சம் கிடந்தது" என்றார். அவருடைய சட்டையிலும் நீலம் இருந்தது.

அந்த வரிசையில்தான் தண்ணீரூற்று ரீச்சரும் வந்தா. அவா கொடுத்தது ஒரு ஜாம் போத்தல் விளக்கு. மண்ணெண்ணெய் கிடைக்காத சண்டைக் காலத்தில் போத்தலின் அடியில் துளி எண்ணெயும் பஞ்சுத் திரியும் போட்டு எரித்தோமே, அது. அதன் கரியை முழுதாகத் தேய்த்துக் கழுவி, வெயிலில் உலர்த்தி, பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்திருந்தா. "கரியோட எப்பிடித் தாறது?" என்று எங்களிடமே கேட்டா. கரி போன பிறகு அது வெறும் போத்தல். எங்களுக்கு மட்டும்தான் அது விளக்கு.

நிதி தரும் குழுவிலிருந்து மூன்று பேர் பார்க்க வந்தார்கள். அவர்களிடம் ஒரு பட்டியல் இருந்தது. பொருள் எவ்வளவு பழையது, மூல நிலையில் இருக்கிறதா, அரியதா என்று வரிசையாகக் கேள்விகள். கெட்டவர்கள் இல்லை. பட்டியல்தான் வேறு யாருக்கோ எழுதப்பட்டது. திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்த சனங்களிடம் போய், பாட்டன் காலத்துப் பெட்டியைப் பூட்டோடு காட்டு என்றால் எங்கே போவார்கள்? அவர்களில் ஒருவர் ரீச்சரின் போத்தலைத் தூக்கிப் பார்த்து, "இது ஜாம் போத்தல்தானே" என்று சிரித்தார். சின்ன அறைகளுக்குத் தனியாக நிதி தருவது கொள்கையில் இல்லை என்றும், தேறுகிற சாமான்களை நகரத்துப் பெரிய நூதனசாலைக்கு அனுப்பிவிட்டுக் களஞ்சியத்தை உர மூட்டைகள் அடுக்க விடலாம் என்றும் சொன்னார்கள்.

கோப்பு என் கையில் இருந்தது. நான் பேசவில்லை.

அவர்களின் வாகனம் போன பிறகு நீர் என்னிடம் வந்தீர். சத்தம் போடவில்லை. "உம்மட மூத்தவள் இப்பிடி ஒரு விளக்கு வெளிச்சத்தில இருந்துதானே எழுத்துப் படிச்சவள்? நீர்தானே எனக்குச் சொன்னனீர். பிறகேன் வாயைத் திறக்கேல்லை?" என்றீர். "விதி அப்பிடித்தானே இருக்கு" என்றேன். "ஊருக்குள்ளதான் இருக்குமெண்டு நான் சனத்துக்கு வாக்குக் குடுத்திட்டன். இப்ப லொறியில ஏத்தினா எந்த முகத்தோட போய் அவையளைப் பாக்கிறது?" என்று கேட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தீர். அது வழமைபோல மூன்றாம் உதையில்தான் கிளம்பியது. பதினொரு நாள் நீர் என் மேசைப் பக்கம் வரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதை வீட்டில் மனுசியிடம்கூடச் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் வந்தீர். பொரியல் பெட்டியோடு ஒரு கட்டு மட்டைத் துண்டுகளும் கொண்டுவந்தீர். ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் வைக்க நீரே எழுதிய விபரங்கள். போத்தலுக்கு எழுதியது எனக்கு மனப்பாடம்: "இதன் வெளிச்சத்தில் மூன்று பிள்ளைகள் படித்தார்கள். விடிந்து பார்த்தால் மூன்று மூக்கிலும் கரி. எங்களிடம் தருவதற்கு முதல் நாள் ரீச்சர் இந்தப் போத்தலைக் கழுவினார். மதிக்கிற இடத்துக்கு அழுக்காக எதையும் கொடுக்க அவர் விரும்பவில்லை." துடுப்புக்கும் அப்படித்தான், நீலப் பெயின்ற் யார், எப்போது, ஏன் அடித்தது என்று. "மினுக்கினதும் சரித்திரம்தான், திட்டம். அதை மறைக்காம எழுதுவம்" என்றீர். வாசித்து முடித்தபோது வெட்கமாக இருந்தது. இத்தனை படிவம் நிரப்பிய எனக்கு அது தோன்றவில்லையே.

இரண்டாம் விண்ணப்பத்தை நீர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். புதுக் கட்டடம் கேட்க வேண்டாம் என்றீர். கட்டடத்துக்குத் தந்து, நாடா வெட்டி, படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்த மாதம் கதவு திறக்க ஆளிருக்காது. நமக்கு வேண்டியது கூரைத் தகரம் ஒழுகாமல் இருக்க வருடா வருடம் ஒரு சின்னத் தொகையும், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வருகிறவர்களோடு கதைக்கிற ஒருவரும்தான். நான் அலுவலகத் தமிழில் எழுதிய வரிகளை வெட்டி வெட்டிச் சனங்கள் பேசுகிற மாதிரி ஆக்கினீர். அந்த நாட்களில்தான் உமக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய் வவுனியா ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தீர். பஸ்ஸில் இருந்தபடியே எனக்குத் தொலைபேசி எடுத்து ஒரு சொல்லை மாற்றச் சொல்வீர். பதில் வருவதற்குள் உம்மைக் கடற்கரைச் சேமக்காலையில் அடக்கம் செய்துவிட்டு வந்தோம். ரீச்சரும் வந்திருந்தா. சாமான்கள் லொறி ஏறுமா என்று அன்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்காததுதான் பாரமாக இருந்தது.

விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்க என்னைத் தனியாக அழைத்தார்கள். புதிதாக வந்திருந்த அதிகாரி ஒரு சிங்களப் பெண்மணி, மொழிபெயர்க்க ஒருவர். நகரத்தில் வைத்தால் கூடுதல் பேர் பார்ப்பார்களே, ஏன் அங்கேயே இருக்க வேண்டும் என்று கேட்டார். தயாரித்துக்கொண்டு போனதெல்லாம் மறந்துபோனது. ஒவ்வொரு மாதமும் ரீச்சர் சந்தைக்கு வரும்போது உள்ளே வந்து அந்தப் போத்தலைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டுப் போகிறா, நகரத்தில் வைத்தால் அவ்வளவு தூரம் துடைக்க வரமாட்டா என்று சொன்னேன். பிறகு என் மகளைப் பற்றியும் சொன்னேன். அந்தப் பெண்மணி உம் மட்டைகளை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். தன் தாயும் அப்படித்தான் என்றார். அயல் வீட்டுப் பாத்திரத்தைத் தன்னுடையதைவிட நன்றாகத் தேய்த்துத்தான் திருப்பிக் கொடுப்பாராம்.

நிதி கிடைத்துவிட்டது, நண்பரே. மூன்று வருடத்துக்கு. தகரம் மாற்றியாயிற்று. தண்ணீரூற்றுப் பிள்ளை ஒருத்தி சம்பளத்தோடு கதவு திறக்கிறாள். நம்மைவிட அதிகமாகக் கதைக்கிறாள். பொருளின் வயதோடு, அதை வைத்திருந்தவர்களின் கதையையும் கணக்கில் எடுக்கலாம் என்று விதியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். ஒரே ஒரு வரிதான். அதை முதன்முதல் வாசித்தபோது யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் கடிதத்தோடு அறைக்குள் அங்குமிங்கும் நடந்தேன்.

இன்னொரு செய்தி. இப்படிப்பட்ட சிறிய நூதனசாலைகளின் விண்ணப்பங்களைப் பார்க்கும் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். முதல் கூட்டத்தில் வவுனியாப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் கோப்பு வந்தது. படத்தில் ஒரு மரக்கலப்பை, பளபளவென்று வார்னிஷ் அடித்து. பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். தள்ளி வைப்போம் என்றார் மற்றவர். போய்ப் பார்க்காமல் தள்ளுவதற்கு நான் கையெழுத்து வைக்கமாட்டேன் என்றேன்.

களஞ்சியத்தில் அன்று உம் பக்கத்தில் நின்றுகொண்டு பேசாமல் இருந்தது என் பிழை. பன்னிரண்டாம் நாள் நீர் வந்தபோதே அதைச் சொல்லியிருக்க வேண்டும். மீனைச் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு இருந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன், மன்னித்துக்கொள்ளும். செவ்வாய்க்கிழமை வாகனம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். குழுவில் இருக்கும் அந்த இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு கலப்பைக்காரர் வீட்டுக்குப் போகிறேன்.