பூனைப் படத்துக்குப் பின்னால்

பிப்ரவரி 8, திங்கள்

பதினோரு மாதத்துக்குப் பிறகு நேரில் வகுப்பு. இந்த வாரம் ஒற்றைப்படை வருகை எண்கள் கல்லூரி வகுப்பறையில், இரட்டைப்படை எண்கள் வீட்டிலிருந்து திரையில். அடுத்த வாரம் மாறும். எதிரே ஒருத்தி கை தூக்கி நிற்கிறாள், நான் மடிக்கணினியில் கை அடையாளத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். "மேடம், நான் இங்கதான் இருக்கேன்!" வகுப்பே சிரித்தது. முகக்கவசத்துக்குள் யார் சிரித்தார்கள் என்றுதான் தெரியவில்லை.

பிப்ரவரி 9

இருபத்தேழாம் எண் வந்திருந்தான். திரையில் பூனைப் படம் வைத்திருப்பவன். மைக் ரிப்பேர் என்று எல்லாப் பதிலையும் டைப் செய்தே அனுப்புவான். என்ன பதில்கள்! அவனை நம்பித்தான் இத்தனை மாதம் புள்ளியியல் நடத்தினேன். ஆசையாக ஒரு சின்னக் கேள்வி கேட்டேன். திருதிருவென்று விழித்தான். கூச்சமோ?

பிப்ரவரி 11

கூச்சமாவது! சராசரி கூடப் போட வரவில்லை. அப்படியென்றால் பூனை யார்? அடுத்த வார வெள்ளி அகமதிப்பெண் பட்டியல் போக வேண்டும். பூனைக்கு இருபதுக்கு இருபது போட்டு வைத்திருக்கிறேன். துறைத்தலைவரிடம் சொன்னால் பையனுக்கு ஒரு வருஷம் போச்சு. சொல்லாவிட்டால் நான் யாருக்கு மார்க் போடுகிறேன்?

"ரிப்போர்ட் பண்ணிட்டுப் போயேன், எதுக்கு மண்டைய உடைச்சுக்கறே?" என்றார் கணவர். அவருக்கென்ன.

பிப்ரவரி 12

தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். தரையைப் பார்த்தபடி, "அம்மா, மேடம்" என்றான்.

"அம்மாவுக்கு என்ன?"

"அம்மாதான் பதில் போட்டாங்க. நான் ஆன்லைன் க்ளாஸ்ல நுழைஞ்சதும் தூங்கிடுவேன். அவங்க பக்கத்துல துணி தைச்சுக்கிட்டே பாடத்தக் கேப்பாங்க. ஸ்கூலோட படிப்ப நிறுத்தினவங்க."

கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. நான் பெருமைப்பட்ட மாணவி பட்டியலிலேயே இல்லை!

பிப்ரவரி 16

இந்த வாரம் அவன் திரையில். பூனை வந்தது. நாலு கேள்வி கேட்டேன், பதிலே இல்லை. அவன் தூங்குகிறானா, அவன் அம்மா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரா? எனக்கு வகுப்பே ஓடவில்லை.

பிப்ரவரி 18

அவனை வரவழைத்து வாய்மொழித் தேர்வு வைத்தேன். இருபதை அடித்துவிட்டு எட்டு போட்டேன். தட்டுத்தடுமாறிக் கரையேறிவிடுவான். துறைத்தலைவரிடம் மூச்சு விடவில்லை. செஞ்சது சரியா? தப்பா? தெரியலையே.

போகும்போது சொன்னான்: "அம்மா மன்னிப்பு கேக்கச் சொன்னாங்க. இனிமே வகுப்புப் பக்கமே வர மாட்டாங்களாம்."

"யாரு வரவேணாம்னு சொன்னா?" — கத்திவிட்டேன். பாவம், தலையாட்டிக்கொண்டே ஓடினான்.

மார்ச் 1, திங்கள்

இன்று முதல் எல்லோரும் நேரில். திரை வகுப்பு கிடையாது என்று சுற்றறிக்கை. இருபத்தேழு கடைசி பெஞ்சில்.

ஆனாலும் மடிக்கணினியைத் திறந்து, பலகை தெரிகிற மாதிரி முதல் பெஞ்சில் வைத்தேன். அதே இணைப்புதான். பத்து நிமிடம் ஆயிற்று. பதினைந்து. எனக்கே அசட்டுத்தனமாக இருந்தது.

அப்புறம் ஒருவர் இணைப்பில் உள்ளே வந்தார். பூனைப் படம் இல்லை, கேமரா போட்டிருந்தார். கண்ணாடி, தோளில் அளவு நாடா, மடியில் நோட்டு.

"லேட்டாயிடுச்சு மேடம். முதல்லேருந்து சொல்றீங்களா?"

பலகையை அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.