தொப்புளக் கேட்ட டாக்டரு

மாப்ள,

நேத்து தருமபுரியில ஸ்கேன் எடுக்கப் போனேன். ஒரு பொண்ணு என் வவுத்துல சில்லுன்னு பசையத் தடவி, டிவியப் பாத்துக்கிட்டே, "பித்தப்பையில கல்லு இருக்குதுங்க தாத்தா"ன்னுச்சி. சிரிப்பு வந்துருச்சி எனக்கு. கல்லுன்னாலே உன் மூஞ்சி தான் வருது. செத்தும் வுட மாட்டேங்கற.

அறுபத்தெட்டாம் வருசமோ ஒம்போதோ. என் தங்கச்சியக் கட்டிக்கிட்ட புதுசு, அவ முழுகாம இருந்தா. நீ வலது விலாவப் புடிச்சிக்கிட்டு ஏரியூர் பஸ்சுல சுருண்டு கெடந்த. சின்ன வயசுலயே ரத்த வாந்தி எடுத்தவன், எடது பக்கம் கட்டி வேற. கவர்மெண்டு ஆஸ்பத்திரில ஒரு ஒல்லி டாக்டரு ரொம்ப நேரம் அமுக்கிப் பாத்துட்டு உங்காத்தாவக் கேட்டாரு:

"பொறந்தப்ப இவருக்குத் தொப்புள் புண்ணாச்சிங்களா?"

"ஆமாங்க சாமி. சாம்பல வெச்சோம். சீழு புடிச்சி நாறிப்போச்சி."

"வலி பித்தப்பைக் கல்லால தான். ஆனா அப்பவே ஈரலுக்குப் போற பெரிய ரத்தக் கொழாய் அடைச்சிருக்கும். போக வழியில்லாம பித்தப்பையச் சுத்திச் சின்னக் கொழாயெல்லாம் வீங்கிக் கெடக்கும். இப்பக் கத்தி வெச்சா ரத்தம் நிக்காது. மொதல்ல மெட்ராசுல ரத்தத்துக்கு மாத்து வழி போட்டுக்கங்க. கல்லு அப்புறம்."

வெளிய வந்து என்னா பேச்சு நீ! "வலி இங்க, கேள்வி தொப்புள்லயா? மச்சான், இந்தாளு பிரசவம் பாக்கப் படிச்சவன் போல."

நேராக் கார் வெச்சிருந்த டாக்டருகிட்டப் போன. அவரு உன் வவுத்தத் தொட்டுக்கூடப் பாக்கல. "அரை மணி நேர வேல"ன்னாரு. உனக்கு அது போதும். பீத்தறவனுக்குப் பீத்தறவனத்தான புடிக்கும்.

அரை மணிக்குள்ள அவரே வெளிய ஓடியாந்தாரு, கோட்டெல்லாம் ரத்தம். "தொட்ட எடமெல்லாம் ஊத்துதுப்பா"ன்னாரு, என்னமோ நீ வேணும்னே ஊத்துன மாதிரி. உள்ள துணியத் திணிச்சித் தெச்சி, அவரு கார்லயே ஏத்தி அனுப்புனாரு. எங்க? அதே ஒல்லி டாக்டருகிட்ட. அந்தக் காரு பண்ணுன ஒரே நல்ல காரியம்.

முன்சீட்டுல என் தங்கச்சி வவுத்தப் புடிச்சிக்கிட்டு வந்தா. ஒல்லி டாக்டரு ஒரு வார்த்த திட்டல. என் ரத்தத்த எடுத்து உனக்கு ஏத்துனாரு. அப்பவும் உனக்குப் புத்தி வரல. கண்ணு முழிச்சதும் அவருகிட்டக் கேட்ட பாரு, "கல்ல எடுத்தாச்சுங்களா?"

"இல்லைங்க. உசுர எடுக்காம வுட்டாங்க. சந்தோசப்படுங்க."

அப்புறம் மெட்ராசுல மாத்து வழி போட்டாங்க. அடுத்த வருசம் கல்லயும் எடுத்தாங்க. அதே வவுறு தான், பெருசா ரத்தமே போகல. நீ டீக்கடையில சட்டையத் தூக்கித் தழும்பக் காட்டி, "மூணு தரம் கிழிச்சாங்க, என்னை ஒண்ணும் பண்ண முடியல"ன்ன. அந்த ஒல்லி மனுசன் பேரு ஒரு தரங்கூட உன் வாயில வரல. கார் டாக்டருக்கும் கூட்டம் கொறையல. உன்னாட்டம் ஆளுங்க இருக்கையில அவருக்கென்ன கவல.

அன்னியில இருந்து எனக்கு ஒரு பழக்கம். எந்த வூட்ல கொழந்த பொறந்தாலும் மொதல்ல தொப்புளத்தான் பாப்பேன். யாராச்சும் சாம்பலோட வந்தாக் கத்துவேன். "கெழவனுக்கு மூஞ்சியப் பாக்கத் தெரியாதா"ன்னு பொம்பளைங்க சிரிப்பாங்க.

போன வாரம் உன் கொள்ளுப்பேரனப் பாத்தேன். தொப்புளு சுத்தமாக் காஞ்சிருக்குது. மூஞ்சி தான் அப்படியே உன்னோடது. அதுக்கு எந்த டாக்டருகிட்டயும் மாத்து வழி இல்ல, மாப்ள.