லிஸ்பனுக்கு ஐந்து நாள்

லிஸ்பன்
12.4.2025

மதிப்பிற்குரிய அத்தைக்கு, அன்புச்செல்வன் எழுதுவது.

குழந்தை எழில்மதியும் நானும் நலம். நான் கூப்பிட்டால் நீங்கள் போனை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான்சியை அடக்கம் செய்த கல்லறைத் தோட்டத்திலிருந்து தகவல் வந்திருக்கிறது. எங்களுக்குக் கிடைத்த மாதிரியான குழியை இங்கே மூன்று வருஷத்துக்குத்தான் விடுகிறார்கள். பிறகு திறந்து, எலும்புகளை எடுத்துச் சுத்தம் செய்து, சின்னப் பெட்டியில் போட்டுச் சுவர் மாடத்தில் வைத்துவிடுவார்கள். அவளுடைய குழியை நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை திறக்கிறார்கள். குடும்பத்தில் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். அடக்கத்தன்று நீங்கள் இல்லை. திறக்கிற அன்றைக்காவது நீங்கள் உங்கள் மகளைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சுற்றுலா விசாவுக்கு நாள்வாரியாகத் திட்டம் கேட்பார்கள். எழுதி வைத்திருக்கிறேன். திங்கள்: லிஸ்பன் ஆற்றங்கரைக் கோபுரம், மேடேறும் டிராம். செவ்வாய்: ஓய்வு. புதன்: சிந்த்ரா மலை அரண்மனை. வியாழன்: பாத்திமா மாதா கோவில். வெள்ளி: காஸ்கைஸ் கடற்கரை. செவ்வாய் எதற்கென்று உங்களுக்குத் தெரியும்.

மருமகன் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட்ட அழைப்புக் கடிதமும் இதனுடன் இருக்கிறது.

பணிவுடன்,
அன்புச்செல்வன்

*

சங்கராபுரம்
6.5.2025

சேசு மரி சூசை துணை

அன்புச்செல்வன் அவர்களுக்கு, செலினா எழுதிக்கொள்வது.

கடிதம் கிடைத்தது. இங்கே வெயில் ஜாஸ்தி. மரவள்ளி வாடிக் கிடக்கிறது. கரியாலூர் பக்கம் மலையில் மழை என்கிறார்கள். கீழே ஒரு சொட்டு இல்லை.

வருகிறேன். என் செலவில் வருவேன். உங்கள் வீட்டில் தங்க மாட்டேன், பக்கத்தில் ஒரு அறை பாருங்கள். பாஸ்போர்ட் இருக்கிறது. நான்சி பிள்ளை உண்டாகியிருந்தபோது வருவதாக எடுத்தேன். அப்புறம் வரவில்லை.

உங்கள் திட்டத்தை இரண்டு முறை படித்தேன். கோபுரம் வேண்டாம். அரண்மனை வேண்டாம். கரியாலூர் பஸ்ஸில் நின்றுகொண்டே மலை ஏறினவளுக்கு டிராமும் வேண்டாம். பாத்திமா மாதாவைப் பார்க்க நாற்பது வருஷமாக ஆசைப்பட்டேன். இப்போது ஆசை என்று ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் அது இருக்கட்டும். செவ்வாய்க்கிழமைக்கு ஓய்வு என்று போட்டிருப்பது சரி.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தமிழழகன் என்று ஒரு பையன் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். அவன்தான் விசாவுக்கு எழுதிக் கொடுக்கிறான். தாளைப் பார்த்துச் சிரித்தான்.

“லிஸ்பனா? இந்த வயசுல அங்க இன்னா ஆயா வேல?”

“சுத்திப் பாக்கப் போறேன்.”

“நம்ம கல்வராயன் மலைய மொதல்ல சுத்திப் பாத்தியா?”

“அதத்தான் பொறந்ததுலருந்து பாத்துக்கினு கீறேனே. எழுதுடா.”

எனக்குத் தெரிய வேண்டியது மூன்று. தலை எந்தப் பக்கம் வைத்தீர்கள்? சிலுவையில் பெயர் எப்படி எழுதியிருக்கிறது? குழந்தை தமிழ் பேசுகிறாளா?

செலினா தைரியநாதன்

*

லிஸ்பன்
2.6.2025

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் வருவதாக எழில்மதியிடம் சொல்லிவிட்டேன். காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறாள்.

தலை மேற்கே. மேட்டு நிலம், கால் பக்கம் பார்த்தால் கீழே ஆறு தெரியும். மரச்சிலுவைதான். ‘நான்சி அன்புச்செல்வன்’ என்று எழுதியிருக்கிறது. உங்களைக் கேட்காமல் என் பெயரைச் சேர்த்துவிட்டேன்.

ஞாயிறுதோறும் இரண்டு பேரும் போகிறோம். எழில்மதி பள்ளிக்கூடத்தில் இந்த ஊர்ப் பாஷைதான் பேசுகிறாள். என்னிடம் பாதிக்குப் பாதி. அங்கே போனால் மட்டும் முழுக்கத் தமிழ். யார் யாரை அடித்தார்கள், டீச்சர் என்ன சொன்னார் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு, “ம்மா, பஸ்சு வந்துடும், நாங்க போயிட்டு வரோம்” என்று கிளம்புவாள். நான்சி இறந்தபோது இவளுக்கு இரண்டரை வயதுகூட ஆகவில்லை. முகம் நினைவிருக்காது. சுவர் மாடத்துக்கு மாற்றுவதை, அம்மா மாடி வீட்டுக்குப் போகிறாள் என்று சொல்லியிருக்கிறேன்.

தெருமுனையில் படியேறத் தேவையில்லாத ஒரு அறை பார்த்திருக்கிறேன். கோபுரத்துக்கும் அரண்மனைக்கும் போக வேண்டாம், ஆனால் தாளில் இருக்கட்டும். என் அழைப்புக் கடிதத்தை மட்டும் கட்டாயம் சேர்த்துக் கொடுங்கள். சொந்தம் கூப்பிடுகிறது என்று தெரிந்தால்தான் நம்புவார்களாம்.

பணிவுடன்,
அன்புச்செல்வன்

*

சங்கராபுரம்
11.8.2025

சேசு மரி சூசை துணை

அன்புச்செல்வன் அவர்களுக்கு,

விசா கிடைக்கவில்லை. தமிழழகன் கடைக்குத்தான் தபால் வந்தது. இங்கிலீஷில் இருந்ததைப் படித்துச் சொன்னான். “நீ சுத்திப் பாக்கத்தான் போறன்னு அவங்களுக்கு நம்பிக்க வரலயாம் ஆயா.” அவர்கள் நம்பாதது சரிதான்.

நடந்ததை எழுதுகிறேன். விண்ணப்பம் எழுதும்போதே அவன் கேட்டான்.

“அங்க சொந்தக்காரங்க யார்னா கீறாங்களா? இருந்தா சொல்லு, கேள்வி கம்மியா கேப்பாங்க.”

“யாரும் இல்ல.”

“அந்தக் கவர்ல இன்னா?”

“அது வேற.”

உங்கள் கடிதத்தை நான் சேர்க்கவில்லை. அதில் மருமகன் என்று இருந்தது. நீங்கள் அவளைக் கட்டிய நாளிலிருந்து பத்து வருஷமாக வாயால் சொல்லாததை ஒரு ஆபீசில் ஏன் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம்.

சென்னையில் விசாவுக்கு விரல் ரேகை எடுத்த பெண் நல்ல மாதிரி. “என்னென்னம்மா பாக்கப் போறீங்க?” என்று கேட்டது. கோபுரம், அரண்மனை, டிராம், பாத்திமா, கடல் என்று ஒப்பித்தேன். கோவிலில் ஞானோபதேச வகுப்பில் கேட்டால்கூட இவ்வளவு சரியாகச் சொல்லியிருக்க மாட்டேன். “அங்க தெரிஞ்சவங்க யாரும் இல்லையா?” என்றது. இல்லை என்றேன். என் மகள் மூன்று வருஷமாக அந்த ஊர் மண்ணில் இருக்கிறாள். என் பேத்தி அங்கே பள்ளிக்கூடம் போகிறாள். இல்லை என்றேன்.

திரும்பி வரும்போது உளுந்தூர்பேட்டையில் பஸ் நின்றது. இறங்கி டீ குடித்தேன். டீ நன்றாக இருந்தது. மகளை இல்லையென்று சொல்லிவிட்டு வந்தவளுக்கு டீ நன்றாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

கவரைப் பிரித்துத் தமிழழகனிடம் இப்போதுதான் காட்டினேன். “இதக் குடுத்திருந்தா…” என்று ஆரம்பித்தான். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். மறுபடி கொடுக்கலாமாம். ஆனால் டிசம்பருக்கு முன்னால் சென்னையில் விசாவுக்கு நாள் கிடைக்கவில்லை.

திறக்கிற தேதியைத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். நான் உங்களிடம் கேட்கிற முதல் காரியம் இது.

செலினா

*

லிஸ்பன்
8.9.2025

அத்தைக்கு,

நேரில் போய்க் கேட்டேன். அந்த வரிசை முழுவதையும் ஒரே வாரத்தில் திறக்கிறார்கள், ஒருவருக்காகத் தள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை நான் மட்டும் நிற்பேன்.

எனக்குக் கோபம் இல்லை என்று எழுத மாட்டேன். உங்கள் கடிதத்தை மடித்து இரண்டு நாள் சமையலறை அலமாரியில் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் திரும்பப் படித்தேன். உண்மையை எழுதியிருக்கிறீர்கள். அது போதும்.

ஒன்று கேட்க வேண்டும். அவள் இறந்த அன்று உங்களைக் கூப்பிட்டு, ஊருக்குக் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். “இங்க கொண்டாராதீங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். இப்போது எலும்புதான், சின்னப் பெட்டி. அனுமதி வாங்கிவிடலாம். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நானே எடுத்துவந்து உங்களிடம் கொடுத்துவிட்டுத் திரும்புகிறேன். உங்கள் வீட்டுக்குள் வர மாட்டேன்.

எழில்மதியிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

அன்புச்செல்வன்

*

சங்கராபுரம்
3.10.2025

சேசு மரி சூசை துணை

மாப்பிள்ளை அன்புச்செல்வனுக்கு, செலினா எழுதுவது.

உங்கள் கடிதம் வந்த அன்று மத்தியானமே இந்த ஊர்க் கல்லறைக்குப் போனேன். நான்சி அப்பாவுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. பங்குச் சாமியாரைக் கேட்டேன், “தாராளமா வைங்கம்மா” என்றார். ஆள் விட்டுப் புல்லை வெட்டச் சொன்னேன். கல்லுக்குக்கூட அளவு எடுத்தாயிற்று. வெட்டி முடிக்கிறவரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அவளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அதை மறைக்கவில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளை எங்கே போகும்? எனக்குப் பேச ஆள் வேண்டும் என்று அதனிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. உங்களைக் கட்டிக்கொண்டு உயிரோடு வீட்டுக்கு வர இருந்தவளை வேண்டாம் என்றவள் நான். பெட்டியைக் கேட்கிற பாத்தியதை எனக்கு இல்லை.

அதனால் கொண்டுவர வேண்டாம். இதே வார்த்தையை அன்றைக்கும் சொன்னேன். அன்றைக்குச் சொன்னது வேறு காரணத்துக்கு.

இதனுடன் ஒரு வெள்ளைத் துணி வைத்திருக்கிறேன். நான்சி சின்ன வயதில் கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று போட்ட முக்காடு. துவைத்ததுதான். பெட்டியில் அடியில் விரித்து அதன்மேல் வைக்கச் சொல்லுங்கள். மந்திரித்த தண்ணீர் தெளிக்கிறவர்கள் தெளிக்கட்டும். செபம் தனித்தாளில் பெரிய எழுத்தாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு மனப்பாடம் இருக்காது, பார்த்தே படியுங்கள். தப்பில்லை. சத்தமாகப் படியுங்கள்.

அன்றைக்கு எழில்மதியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுங்கள். திறக்கும்போது பார்க்க வேண்டாம். மாடத்தில் வைத்து மூடிய பிறகு, அடுத்த ஞாயிறு கூட்டிப் போங்கள். நீங்களும் வெறும் வயிற்றோடு போய் நிற்காதீர்கள். இங்கே அதே நேரத்துக்குப் பூசைக்குச் சொல்லியிருக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வருவதை நிறுத்த வேண்டாம். பெட்டி இல்லாமல், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். வாசலோடு திரும்பிப் போக வேண்டாம். உள்ளறையைக் காலி செய்கிறேன், இரண்டு பேரும் அதில் படுத்துக்கொள்ளலாம்.

என்னை எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியாது. ‘ஆயா’ என்று சொல்லிக் கொடுங்கள்.

மாமியார்,
செலினா